சொல்லாததை இல்லை என்ற யந்திரம்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து இ-சேவை மையத்தில் போன வாரம் நான் 'அதர்ஸ்' ஆகிவிட்டேன். அண்ணன் பேத்திக்கு ஒரு சான்றிதழ் வாங்கப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் சுறுசுறுப்பானவள். எல்லாவற்றையும் மளமளவென்று தட்டிக்கொண்டே வந்தவள் கடைசியில், "கொழந்தைக்கு நீங்க இன்னா வேணும்மா?" என்று கேட்டாள்.

"இவ அப்பனுக்கு நான் அத்தை. இவளுக்கு ஆயா முறை. ஆனா பெத்த ஆயா இல்ல."

அவள் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "அப்பா, அம்மா, கார்டியன், அதர்ஸ். இவ்ளோதான் இருக்குது. அதர்ஸ் போட்டுடவா?"

போடும்மா என்றேன். வேறென்ன சொல்ல? ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. யார் யாருக்கு என்ன முறை என்பதை ஒரு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்க இளமையில் மூன்று வருடத்தைக் கரைத்தவள் நான். அந்தக் கதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னால் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் என்னை அடிக்க வருவார்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

அங்கே பிரிண்டர் ஓடியபோது சூடான பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்து ஒரு வாசனை வந்தது. மற்றவர்களுக்கு அது மூக்கைச் சுளிக்கவைக்கும். எனக்கு அதுதான் இருபத்து நாலு வயது. எண்பதுகளின் கடைசி. நான் சென்னையில் கணினி ஆராய்ச்சி மாணவி. ஊரில் அந்தப் படிப்பைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாததால் எனக்கு மரியாதை அதிகம். தெரிந்திருந்தால் குறைந்திருக்கும்.

அப்போது எங்கள் துறையில் 'நிபுணர் அமைப்பு' என்பதுதான் பேச்சு. ஒரு விஷயத்தில் கெட்டிக்காரராக இருப்பவரைப் பிடித்து உட்காரவைக்க வேண்டும். அவருக்குத் தெரிந்ததை எல்லாம் 'இப்படி இருந்தால் அப்படி' என்று விதிகளாகக் கறந்து கம்ப்யூட்டரில் போட வேண்டும். அப்புறம் அவர் வேலையை அது பார்த்துக்கொள்ளும். ஜப்பான்காரர்கள் தர்க்கத்தாலேயே யோசிக்கும் யந்திரம் செய்யப்போகிறார்கள் என்று செய்தி வந்து, எங்கள் ஆய்வகமே ஜுரம் கண்டமாதிரி இருந்தது. அதற்கான மொழியின் பெயர் புரோலாக். மற்ற கணினி மொழிகளில் முதலில் இதைச் செய், அடுத்து அதைச் செய் என்று கட்டளை போட வேண்டும். புரோலாக்கில் கட்டளை கிடையாது. உனக்குத் தெரிந்த உண்மைகளைச் சொல், விதிகளைச் சொல், பிறகு கேள்வியைக் கேள், விடையை நான் தேடிக்கொள்கிறேன் என்று அது சொல்லும். எனக்கு அந்தக் குணம் ரொம்பப் பிடித்துவிட்டது.

ஆனால் கறப்பதற்கு நிபுணர் வேண்டுமே! நான் முதலில் மஞ்சள்காமாலையைக் கண்டுபிடிக்கும் நிரல் எழுதுவதாக இருந்தேன். அதற்காக ஒரு டாக்டரைப் பார்க்க வாரக்கணக்கில் அலைந்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உனக்கு என்ன பண்ணுது?" என்பதுதான். என் பேராசிரியருக்கே பரிதாபமாகிவிட்டது. "நேரம் இருக்கிற நிபுணரா பாரும்மா" என்றார். நேரமும் வாயும் சேர்ந்து இருக்கிற ஒரு நிபுணர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். என் சலேத் அத்தை.

அனந்தபுரம் பக்கம் எங்கள் ஊர். கோயில் தெரு முழுக்கக் கிறிஸ்தவர்கள், முழுக்கச் சொந்தக்காரர்கள். நைனா என்று நாங்கள் கூப்பிடும் என் அப்பாவின் தங்கை சலேத் மேரி, கல்யாணமான நாலே வருடத்தில் புருஷனை இழந்து எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல். சாப்பாட்டு வரிசையில் நிற்கும் பிள்ளையின் முகவாயைத் தூக்கிப் பார்த்து, "நீ சிங்காரத்தோட பேரன்தான? உங்க அம்மாவுக்கு நான் நாத்தனார் முறைடா" என்று சொல்லி இன்னொரு கரண்டி போடுவாள். முறை சொன்னால் கரண்டி கூடும். அதனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் முறை தெரிந்து வளர்ந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் முறை என்பது வெறும் கூப்பிடும் பெயர் இல்லை, உங்களுக்குத் தெரியும். மாமன் மகள் என்றால் கட்டிக்கொள்ளலாம். சித்தி மகள் என்றால் தங்கச்சி, நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. ஒரே ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் நாலு வழியில் சொந்தம் என்பதால் எந்த வழியில் பார்ப்பது என்று வழக்கு வரும். அந்த வழக்குக்கு நீதிபதி என் அத்தைதான். அவள் சொன்னால் சொன்னதுதான், அப்பீல் கிடையாது.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவள் அரிசி புடைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கறந்தேன். "மாமனோட கூடப் பொறந்தவனும் மாமன்தான், எழுதிக்கோ" என்பாள். "அப்பா வழில முறை இருந்துச்சினா அதான் செல்லும். அங்க ஒண்ணுமே இல்லன்னாதான் அம்மா வழி பாக்கறது. இது முக்கியம், கொட்டை எழுத்துல போடு." போட்டேன். மறுநாள் வந்து நேற்றுச் சொன்னதற்கு நேர் எதிராக ஒன்று சொல்வாள். "நேத்து வேற சொன்னியே அத்த?" என்றால், "அது அவுங்களுக்கு. இது இவுங்களுக்கு" என்பாள். எல்லா நாட்டு நிபுணர்களும் இப்படித்தான் என்று பேராசிரியர் ஆறுதல் சொன்னார்.

இந்த மொழியில் பெயர்களைச் சின்ன எழுத்தில்தான் தொடங்க வேண்டும். பெரிய எழுத்தில் தொடங்கினால் அது 'யாரோ ஒருவர்' என்று எடுத்துக்கொள்ளும். அண்ணன் பெயரை மரியாதையாகப் பெரிய எழுத்தில் அடித்துவிட்டேன். அருள்தாஸ் யாரைக் கட்டலாம் என்று கேட்டால் ஊரில் உள்ள அத்தனை பெண்களையும், இரண்டு கிழவிகளையும், எங்கள் சொந்த அம்மாவையும் வரிசையாக அச்சடித்துத் தள்ளியது. இன்னொரு தடவை, சம்பந்தியின் சம்பந்தியும் சம்பந்தி என்று எழுதிவைத்தேன். அது சம்பந்தி வீடு சம்பந்தி வீடாகச் சுற்றப் போய்த் திரும்பி வரவே இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துத்தான் கூட்டி வர வேண்டியிருந்தது.

ஊரில் கம்ப்யூட்டர் ஏது என்று கேட்பீர்கள். செஞ்சி காந்தி பஜாரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்த மாஸ்டர், காலம் மாறப்போகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். பச்சை எழுத்துத் திரை. அதற்கென்று ஒரு தட்டியடித்த அறை, ஒரு திரைச்சீலை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கற்றுக்கொள்ள ஒருவரும் வரவில்லை. என்னைக் கண்டதும் மாஸ்டருக்கு உயிர் வந்தது. "ஞாயித்துக்கெழம ஃபுல்லா நீயே வச்சிக்கம்மா. இதை எப்படி நிறுத்துறதுன்னு மட்டும் எனக்கு சொல்லிக்குடு" என்றார்.

இப்போது அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அருள்தாஸ் தளவானூரில் வாத்தியார். செஞ்சியிலிருந்து பஸ். அதே பஸ்ஸில் தையல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள் ரோஸ்மேரி. சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவள். அவளுடைய அம்மா என் அம்மாவுக்குப் பெரியம்மா மகள். அப்படியென்றால் அக்கா தங்கச்சி. அப்படியென்றால் ரோஸ்மேரி எங்களுக்குத் தங்கச்சி. அவளும் "அண்ணே, அண்ணே" என்றுதான் அவனைக் கூப்பிடுவாள். பஸ்ஸில் என்ன நடந்ததோ, ஒருநாள் அண்ணன் வீட்டில் வாயைத் திறந்துவிட்டான்.

நைனா தங்கையைப் பார்த்தார். அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "தங்கச்சிய கட்றன்னு சொல்ற வாயில சூடு போடணும்" என்று ஆரம்பித்து அவள் பேசியதை எல்லாம் நான் எழுதப் போவதில்லை. பங்குச் சாமியார் நல்ல மனிதர். ரொம்பத் தூரத்துச் சொந்தம், திருச்சபைக்கு ஆட்சேபணை இல்லை, பெரியவர்கள் சம்மதித்தால் அடுத்த ஞாயிறே ஓலை வாசிக்கிறேன் என்று சொல்லியும் பார்த்தார். ஓலை வாசிப்பது என்றால் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பது. நைனாவுக்கு ஓலை என்ற சொல்லைக் கேட்டாலே முகம் கறுத்துவிடும். அது ஏன் என்று நான் விசாரிக்கக் காரணம் ரோஸ்மேரிதான்.

"ஏன்க்கா, எங்க பெங்களூர் பெரியம்மா உங்க நைனாவோட தங்கச்சியாமே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு ஒரே அத்தை என்றுதான் வளர்ந்திருக்கிறேன். மெல்ல அம்மாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். உண்மைதான். சலேத்துக்கு மூத்தவள் லூர்து மேரி. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து, இரண்டு ஞாயிறு ஓலையும் வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறு வருவதற்குள் செஞ்சி அந்தோணியோடு பெங்களூர் பஸ் ஏறிவிட்டாள். பூசைக்கு வந்த ஊர் முழுக்க நைனாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததாம். கொடுத்த வாக்கு போகக் கூடாது என்று அதே மாப்பிள்ளைக்குத் தங்கச்சி சலேத்தைக் கட்டிவைத்தார்கள். அவன் நல்ல குடிகாரன், சீக்கிரம் போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் லூர்து என்று ஒருத்தி பிறக்கவே இல்லை. அந்த அந்தோணியின் தம்பிதான் ரோஸ்மேரியின் அப்பா.

இதில் கூத்து என்னவென்றால், அத்தையின் சட்டப்படியே பார்த்தால் லூர்து அத்தையின் புருஷன் எங்களுக்கு மாமா. மாமாவோடு கூடப் பிறந்தவனும் மாமா. அவர் மகள் கட்டிக்கொள்கிற முறை. அதுவும் அப்பா வழி, அதான் செல்லும்! ஒரே ஒரு பெயரை ஒப்புக்கொண்டால் போதும், கல்யாணம். ஆனால் அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யார் சொல்வது?

"நீயே மிஷின்ல போட்டுட்டு, அது சொல்லுதுன்னு சொல்லேன்" என்று அண்ணன் கெஞ்சினான். பாவம், பாதி இளைத்துவிட்டான். நிபுணர் சொல்லாததை எழுதக் கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம் என்று பெரிதாகப் பேசினேன். உள்ளுக்குள் காரணம் வேறு. மிஷின் சொல்லி எங்கள் ஊரில் யார் கல்யாணம் செய்துகொள்வார்கள்? அத்தை வாயால் வர வேண்டும்.

இதற்கு நடுவில், தன் பேச்சை எல்லாம் தின்ற பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று அத்தையே ஒருநாள் கிளம்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணன் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு வந்தான். பூசைக்குக் கட்டிய பட்டுப்புடவை. செருப்பை வெளியே விட்டுவிட்டு, திரையின் முன்னால் நின்று பழக்கத்தில் சிலுவை போட்டுக்கொண்டாள். மாஸ்டரும் பயந்துபோய் கும்பிட்டார்.

"எதனா கேளு, பாக்கலாம்."

எங்கள் கோயில் உபதேசியார் ராயப்பனுக்கு சலேத் என்ன வேண்டும் என்று கேட்டேன். கொழுந்தியாள் என்றது. இன்னும் நாலைந்து கேட்டேன். எல்லாம் சரி. அத்தைக்கு முகமெல்லாம் பூரிப்பு. தான் சொல்லிக்கொடுத்த பிள்ளை பிசகாமல் மந்திரம் ஒப்பிக்கிற பெருமை. அந்தத் தெம்பில் அவளே, "இவன் சங்கதிய கேளு" என்று அண்ணனைக் கைகாட்டினாள். அருள்தாஸ், ரோஸ்மேரி என்று அடித்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, தங்கை என்று பச்சையாக எழுதியது.

"பாத்தியா! மிஷினே சொல்லிட்டுது. இனிமே எவன் பேச்சும் எடுபடாது." அண்ணன் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அவனைப் பார்க்கவே முடியவில்லை.

ஜெயித்த சந்தோஷத்தில் அத்தைக்குக் கிளம்ப மனசில்லை. "எம் பேரு வருதான்னு பாக்கணும். உங்க நைனாவுக்குத் தங்கச்சி யாருன்னு கேளு" என்றாள். கேட்டேன். சலேத் என்று வந்தது. இன்னும் யாராவது உண்டா என்று கேட்க அரைப்புள்ளியைத் தட்ட வேண்டும். அது எங்களுக்குக் கைப்பழக்கம். தட்டினேன். 'நோ' என்று வந்தது.

"இன்னா நோ?"

"வேற தங்கச்சி இல்லன்னு சொல்லுது அத்த."

"இல்லன்னு எவன் சொன்னான் அதுக்கு?"

"யாரும் சொல்லல. உண்டுன்னு நாம சொன்னதுதான் அதுக்கு உண்டு. சொல்லாததெல்லாம் இல்லாதது."

அத்தை குனிந்து அந்த இரண்டு இங்கிலீஷ் எழுத்தையே பார்த்தாள். "நான் சொல்லலன்னா அது பேசாம இருக்க வேண்டியதுதான? இல்லன்னு எப்டி சொல்லும்? கூடப் பொறந்தவள இல்லன்னு சொல்ல இது யாரு?" குரல் ஏறியது. மாஸ்டர் மெல்ல வெளியே நழுவினார். "இருபத்தஞ்சி வருசம் நான் பேசல. அது எனக்கும் அவளுக்கும். ஒரு நாளாவது இல்லன்னு சொல்லியிருப்பனா? எனக்கு சடை பின்னி உட்டவடி அவ. போடு. லூர்து மேரின்னு போடு!"

போட்டேன். கண்ணில் தண்ணீர் நின்றதால் இரண்டு தடவை பிழையாகி அழித்து அடித்தேன். "புருசன் பேரு அந்தோணி. போட்டியா? அவன் தம்பி பேரும் போட்டியா?" அது வரைக்கும் சொன்ன பிறகுதான் அவளுக்கு அடுத்தது உறைத்தது என்று நினைக்கிறேன். தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தாழ்ந்த குரலில், "இப்ப இவன் சங்கதிய மறுக்கா கேளு" என்றாள்.

மாமன் மகள், கட்டலாம் என்று வந்தது.

"அப்பா வழிதான் செல்லும்" என்றாள் அத்தை. "நான்தான் சொன்னேன்." அண்ணன் அவள் காலில் விழப் போனான். "எந்திரிடா, இடமில்லாத எடத்துல. போயி சோடா வாங்கிட்டு வா, தொண்ட காஞ்சிடுச்சி."

வீட்டில் நைனா இருந்தாரே! அத்தை நேராக அவர் முன்னால் போய் நின்று, "அண்ணே, லூர்து பேர கம்ப்யூட்டர்ல போட்டுட்டோம். இனிமே அழிக்க முடியாதாம்" என்றாள். நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. ஒரு வரி தட்டினால் போய்விடும். அன்று செஞ்சியில் கரண்ட் போயிருந்தாலே போயிருக்கும். நைனா இரண்டு நாள் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடந்தார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது என்னிடம், "அழிக்கவே முடியாதா?" என்றார். "முடியாது நைனா" என்றேன். முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார். அவருக்கும் அந்த பதில்தான் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். மூன்றாவது ஞாயிறு நைனா முதல் வரிசையில் நின்றார். கல்யாணத்துக்கு முந்தின நாள் லூர்து அத்தை பெங்களூர் பஸ்ஸில் வந்து இறங்கினாள். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அக்காளும் தங்கச்சியும் ஒருத்தரை ஒருத்தர் ஏற இறங்கப் பார்த்தார்கள். "இன்னாடி இப்டி கெழவியாயிட்ட?" என்றாள் சலேத் அத்தை. "நீ மட்டும் கொமரியா?" என்றாள் மற்றவள். அவ்வளவுதான். அழுகை எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு, அதுவும் கோழி அறுத்துக்கொண்டே. மறுநாள் பீடத்தின் முன்னால் மோதிரம் போடும்போது ரோஸ்மேரி பழக்கதோஷத்தில், "அந்தக் கை இல்லண்ணே, இந்தக் கை" என்று சொல்லிவைத்தாள். சாமியாரே சிரித்துவிட்டார்.

என் ஆராய்ச்சி பிழைக்கவில்லை. ஜப்பான்காரர்களும் அந்த யோசிக்கும் யந்திரத்தைக் கைவிட்டார்கள். நிபுணர் அமைப்பு என்று சொன்னால் மாணவர்கள் கொட்டாவி விட்டார்கள். நானும் கணக்கு வாத்தியாராகி ஓய்வும் பெற்றாயிற்று. மாஸ்டரின் இன்ஸ்டிட்யூட் இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அந்த நிரலை வைத்திருந்த ஃபிளாப்பியில் பூஞ்சை பிடித்துவிட்டது. பிடிக்காவிட்டாலும் அதைப் படிக்க யாரிடம் மிஷின் இருக்கிறது? கடைசிக் காலத்தில் இரண்டு அத்தைகளும் ஒரே வீட்டில், ஒரே ரேடியோவுக்குச் சண்டை போட்டுக்கொண்டு, ஒரு வருட இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்கள்.

இப்போது என் கைப்பேசியிலேயே பேசுகிற யந்திரம் இருக்கிறது. இ-சேவை மையத்திலிருந்து வந்த அன்று சாயங்காலம் விளையாட்டாக அதனிடம் கேட்டேன், என் அப்பாவுக்குத் தங்கைகள் யார் என்று. எனக்குத் தெரியாது, நீங்கள் விரும்பினால் சொல்லலாம் என்று அவ்வளவு பணிவாகச் சொன்னது. எத்தனை நாகரிகம்! அன்றைக்கு இது இருந்திருந்தால் அத்தைக்குக் கோபமே வந்திருக்காது. நல்ல பொட்டி என்று மெச்சிவிட்டு, அந்தப் பெயரை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு மொபெட்டில் ஏறி வீட்டுக்குப் போயிருப்பாள். அண்ணன் பேத்தி என்று ஒருத்தி இப்போது என் மடியில் உட்கார்ந்து இந்த எழுத்தின் மேல் பிஸ்கட் தூளைச் சிந்திக்கொண்டிருக்க மாட்டாள். அந்த நாகரிகமில்லாத பச்சை 'நோ'வை இன்னொரு தரம் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது எனக்கு. பார்த்ததும், எவன் சொன்னான் இல்லன்னு என்று பின்னாலிருந்து சலேத் அத்தை சண்டைக்கு வர வேண்டும்.